எழுதும் வரை பேசாதே

அந்த ஆய்வுக்கூடத்தில் மோந்து பார்க்கும் அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் "எலுமிச்சை" என்று முணுமுணுத்துவிட்டால் போதும், மேசையில் இருக்கிற அத்தனை மூக்கும் எலுமிச்சையைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். இல்லாத எலுமிச்சையைக் கண்டுபிடித்தும் விடும். மூக்கைப் போல எடுப்பார் கைப்பிள்ளை உடம்பில் வேறு எதுவும் கிடையாது. அதனால் மேனேஜர் சுவரில் "எழுதும் வரை பேசாதே" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தார். யாராவது தொண்டையைச் செருமினாலே "உஷ்" என்பார். நாளடைவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. உஷ் சார்.

அந்த உஷ் சார்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாயைத் திறந்தார்.

யாரைப் பார்த்துத் திறந்தார் என்று சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெர்ஃப்யூமர் என்று இருக்கும். தெருவில் மூக்குக்காரி என்பார்கள். யார் வீட்டிலாவது கேஸ் கசிகிற சந்தேகம் வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அப்புறம்தான் கம்பெனிக்குப் போன் போகும்.

பூவும் புட்டியுமாகச் சொகுசான வேலை என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் மணம் கூட்டியதெல்லாம் துணி சோப்புக்கும் தரை கழுவும் திரவத்துக்கும். வேலை நாளில் வெங்காயம் பூண்டு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. எதில் எவ்வளவு என்று கணினியில் எழுதி அனுப்புவாள். எடை போடுகிறவர் தராசின் கண்ணாடிக் கதவுக்குள் கையை விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விடுவார். அந்தக் கலவை சோப்புத் தூளில் சேரும், அந்தத் தூளில் துண்டுகள் துவைபடும். ஈரத்தில் ஒரு தரம், காய்ந்த பிறகு ஒரு தரம், மடித்து வைத்து நாலு நாள் கழித்து ஒரு தரம் மோந்து பார்க்க வேண்டும். புட்டியில் மகாராணி மாதிரி இருந்த மணம் ஈரத்துண்டில் நனைந்த நாயாக நாறும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மூக்கு அலுத்துப்போனால் கையை மடக்கி, முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இரண்டு மூச்சு இழுப்பாள். அந்த அறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அவரவர் உடம்பின் வாடைதான் அவரவருக்குப் பூஜ்யம். அங்கே போய் நின்றுவிட்டு வந்தால்தான் அடுத்ததை எண்ண முடியும்.

அப்போது ஒரு சோப்புக் கம்பெனி வெயிலில் காய்ந்த துணியின் மணம் வேண்டும் என்று கேட்டிருந்தது. மற்றவர்கள் எலுமிச்சையையும் வெள்ளைப் பூக்களையும் ஊற்றிப் பார்த்தார்கள். அவள் பூவையே தொடவில்லை. தினமும் காலையில் மொட்டை மாடியில் மாமனாரின் படுக்கை விரிப்புகளை உலர்த்துகிறவளுக்குத் தெரியாதா, வெயிலில் காய்ந்த துணியில் பூ ஏது? கொஞ்சம் சூடு, கொஞ்சம் தகரம், நிறையக் காற்று. அவ்வளவுதான். அந்தக் காற்றைப் பிடிக்கத்தான் அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் பிடித்தும் விட்டாள்.

அந்தத் துண்டுகளை மேசையில் வைத்த வெள்ளிக்கிழமை அது. எல்லோரும் குனிந்து மோந்துகொண்டிருந்தார்கள். உஷ் சார் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தி, நாலு பக்கமும் மூக்கைத் திருப்பினார்.

"இங்க யார்கிட்டயோ மூத்திர வாடை அடிக்குது."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவளுடைய மாமனாரைப் பார்க்க, போன வாரம்தான் பழப்பையோடு அவள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். கூடத்தில் கட்டிலைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பாத்திரத்தைப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் சொன்னதும் அத்தனை மூக்கும் எழுந்து அவள் பக்கம் திரும்பிவிட்டது. பக்கத்தில் இருந்த பச்சைக் கண்ணாடிக்காரி நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். தாள்களை வாங்கிப் பார்த்தால் அவளுடைய துண்டுக்கு நேரே மூன்று பேர் "சிறுநீர்" என்று எழுதியிருந்தார்கள்.

பத்து வருஷமாகக் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மத்தியானம் உஷ் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல நீங்க படற கஷ்டத்தை நேர்ல பாத்தவன் நான். யாரா இருந்தாலும் துணியில கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்."

"என்ன சார் ஒட்டும்?"

"அதான், அந்த வாடை. எல்லாருமே எழுதியிருக்காங்களே."

"நீங்க சொன்னப்புறம் எழுதினாங்க சார்."

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "ரெண்டு வழி இருக்கு. பெரியவரை நல்ல இடமாப் பாத்து சேத்துடுங்க. இப்பல்லாம் எவ்வளவோ வசதியா வந்துடுச்சு. மனசு வரலைன்னா, கொஞ்ச நாள் நீங்க மாடியில உக்காருங்க. ஃபைல் வேலைதான். சம்பளம் அப்படியே இருக்கும்."

"அந்த வெயில் துணி?"

"அதை வேற யாராவது முடிச்சுக் கொடுப்பாங்க. உங்க பேரையும் சேத்துக்கலாம்."

மாடிக்குப் போன மூக்கு திரும்பி வந்ததாக அந்தக் கூடத்தில் சரித்திரமே இல்லை. தினமும் மோந்துகொண்டிருந்தால்தான் மூக்கு. ஒரு மாதம் ஃபைலுக்குள் கிடந்தால் அதுவும் மற்றவர்கள் மூக்கு மாதிரி சளி பிடிப்பதற்குத்தான் ஆகும். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவள் எழுந்துவிட்டாள்.

கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் முழங்கையை மடக்கி முகத்தைக் கொண்டுபோனவள் பாதியில் நின்றாள். பூஜ்யமே தப்பாக இருந்தால் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, தன் வீட்டு வாடையும் அப்படித்தான். புதிதாக ஒன்று கிளம்பினால் மூக்கு சொல்லும். வருஷக்கணக்கில் சுவரோடு சுவராகக் குடியிருக்கும் வாடையை அது வீட்டு மனுஷனாகவே சேர்த்துக்கொண்டுவிடும். உலகத்துக்கே மோந்து சொல்கிறவளுக்குத் தன்மேல் என்ன அடிக்கிறது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவளை மிகவும் வதைத்தது அதுதான்.

அவள் வீடு மூன்றாவது மாடியில். புருஷன் லிஃப்ட் மெக்கானிக், ராத்திரி ஷிப்ட். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன்தான். குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி கிடையாது. அன்றைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தவள் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். வேற்று ஆள் மாதிரி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள்.

கூடத்துக் கட்டிலிலிருந்து மாமனார் கழுத்தைத் திருப்பினார். "என்னம்மா, வாசல்லயே நின்னுட்ட?"

"வீடு நாறுதான்னு பாக்கறேன் மாமா."

"நாறுதா?"

"தெரியலையே."

"உனக்கே தெரியலைன்னா எனக்கு எங்க தெரியப்போவுது? எனக்கு மூக்கு இருக்கறது கண்ணாடி மாட்டிக்க."

அவர் பெயின்டர். நாற்பது வருஷம் தின்னரிலும் டர்பென்டைனிலும் கிடந்து, மோப்பம் என்பதே சுத்தமாகப் போய்விட்டது. இப்போது இடது பக்கம் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். உட்கூரையைப் பார்த்துக்கொண்டு, "சொந்த வீட்டுக்கு மட்டும் ஒரே கோட்டு பெயின்ட்டோட ஏமாத்திட்டேன் பாரு, பிரஷ் போன தடமெல்லாம் தெரியுது" என்று தன்னையே திட்டிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே ஈரமானால் அவருக்கு உணர்ச்சியில் தெரியாது, மூக்கிலும் தெரியாது. மருமகள்தான் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

அன்றைக்கும் பையை வைத்துவிட்டுத் திரும்பியவள் சொன்னாள்: "மாமா, மாத்தணும்."

"இப்பவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இப்பத்தான்."

கையை விட்டுப் பார்த்தால் நனைந்திருந்தது. வெந்நீர் வந்தது, துண்டு வந்தது. அவரை வலது பக்கம் புரட்டி, பழைய விரிப்பைப் பாதி சுருட்டி, புதிய விரிப்பைப் பாதி விரித்து, திரும்ப இந்தப் பக்கம் புரட்டி உருவி எடுத்தாள். முதுகைத் துடைத்தாள். விழுந்துபோன காலுக்குத் தைலம் போட்டு நீவிவிட்டாள். டர்பென்டைன் கலந்த தைலம். அவருக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய பழைய வாசனை அது. பிறகு முட்டையை வேகவைத்துக் கஞ்சியோடு பிசைந்து கொடுத்தாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். புருஷன் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அடுப்படிக்கு வந்ததும் அவன் குரலைத் தணித்தான். "அவர் சொல்றதையும் யோசிக்கணும் இல்ல? நீ படிச்ச படிப்பு, இத்தனை வருஷ வேலை. எல்லாத்தையும் மாடியில போய்ப் போடறதா?"

"அதுக்கு?"

"ஒரு இடம் இருக்கு. சுத்தமா வெச்சிருக்காங்க."

"போய்ப் பாத்துட்டே வந்துட்டீங்களா?"

"லிஃப்ட் ரிப்பேருக்குப் போனேன். அப்படியே பாத்தேன்." அவன் விரிப்பைத் திருப்பித் திருப்பி மடித்தான். "எங்கப்பாதானே, எனக்கு மட்டும் ஆசையா?"

"அங்க என்ன வாடை அடிச்சுது?"

"ஃபினாயில்."

"வேற?"

யோசித்தான். "வேற ஒண்ணும் இல்லை. மனுஷ வாடையே இல்லை." பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவன், சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் மெஷின் மூடியைத் திறந்தான்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "டேய், என்னைப் பத்திப் பேசறதா இருந்தா பக்கத்துல வந்து பேசுங்க. விழுந்தது கையும் காலும்தான், காது இல்லை."

இருவரும் போய் நின்றார்கள். அவர் உட்கூரையைப் பார்த்தபடியே பேசினார். "நான் போறேன்மா. ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி வராண்டா முக்கால்வாசி நான் அடிச்சதுதான். எனக்கு என்ன புதுசா? என்னால உன் வேலை போச்சுன்னா அதுதான் எனக்கு நாத்தம்."

அவளுக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் உஷ் சார்மேல் வந்ததைவிடப் பெரியது. "நீங்க சிகரெட்டை விட்டீங்களே, என்னைக் கேட்டா விட்டீங்க?"

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பயிற்சியில் இருந்தாள். ராத்திரி உட்கார்ந்து வாசனை தோய்த்த தாள்களை ஒவ்வொன்றாக மோந்து மனப்பாடம் செய்வாள். புகை நெடியில் ஒன்றும் பிடிபடாமல் தவிப்பாள். வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் அவர் பெயின்ட் டப்பாக்களையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். சட்டையைக் கீழேயே கழற்றிவிட்டு, குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மேலே ஏறினார். முப்பது வருஷச் சிகரெட் அன்றோடு நின்றது. "தொண்டை சரியில்லை" என்று சொல்லிவிட்டார். அவள் மூக்குக்கு அந்த வீடு கொடுத்த முதல் சீர் அது.

"கேக்கலை இல்ல? அப்ப நானும் கேக்க மாட்டேன். நீங்க எங்கயும் போகப்போறதில்லை. நானும் மாடிக்குப் போகப்போறதில்லை."

"ரெண்டும் எப்படி முடியும்?" என்றான் புருஷன். "நிஜமாவே வாடை இருந்துதுன்னா?"

"இருந்தா இருக்குன்னு நானே எழுதறேன். ஆனா எழுதினப்புறம்தான் பேசணும். அதான் அங்க சட்டம்."

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே போய் எடை போடுகிறவரைப் பிடித்தாள். வாரம் முழுக்கப் போட்ட வெள்ளைக் கோட்டுகளை எல்லோரும் வெள்ளிக்கிழமை அவரவர் லாக்கரில் மாட்டிவிட்டுப் போவார்கள். திங்களன்று அவற்றைச் சலவைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு, சாவியும் அவரிடம்தான். ஒவ்வொரு கோட்டையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு மூட வேண்டும், பாக்கெட் பிரிக்காத புதுக் கோட்டு ஒன்றும் சேர வேண்டும், வெளியே தெரியாமல் தாள் சுற்றி எண் மட்டும் எழுத வேண்டும், எது யாருடையது என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "யோசிச்சீங்களா மேடம்? வில்லங்கமா வந்துட்டா என்ன செய்வீங்க?"

"வந்தா வரட்டும்."

"இல்ல, உங்க லாக்கர்ல துவைச்ச கோட்டு ஒண்ணும் தொங்குது. எதை எடுத்தேன்னு யாருக்குத் தெரியப்போவுது."

அவள் பார்த்த பார்வையில் மனுஷன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜாடிகளை வாடை கிளம்புகிற அளவுக்குக் கொஞ்சம் சூடேற்றி வைத்தார்.

எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது மேசைமேல் வரிசையாக ஜாடிகள். உஷ் சார் நின்றபடியே கேட்டார்: "என்ன இது?"

"நம்ம கோட்டுங்க சார். ஒரு புதுசும் இருக்கு. எதுல மூத்திர வாடைன்னு எல்லாரும் எழுதலாம். நானும் எழுதறேன்."

"இதெல்லாம் தேவையா?"

"வெள்ளிக்கிழமை தேவைப்பட்டுச்சே சார். யாருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மோந்தா அது மூக்கால மோந்தது இல்லை, காதால மோந்தது. நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இதுல என்ன வந்தாலும் சரி, எங்க மாமா எங்க வீட்டுலதான் இருப்பார்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். மேசைக் கோடியிலிருந்து எடை போடுகிறவர் மெதுவாக, "உஷ்" என்றார்.

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். உஷ் சார் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஜாடிகள் கை மாறின. மூடியை விரல் அளவு நகர்த்தி, மோந்து, மூடி, எழுதி, அடுத்தவருக்குத் தள்ளினார்கள். நான்காவது ஜாடி அவளிடம் வந்தது. உடம்பை விட்டுப் பிரிந்து ஜாடிக்குள் சூடாகி நின்றதாலோ என்னவோ, மூடியை நகர்த்தியதுமே தெரிந்துவிட்டது. டர்பென்டைன். கட்டில், வெந்நீர், கால் எல்லாம் அதற்குள் இருந்தன. இன்னொரு மூச்சு இழுத்தாள். வாசனையில்லாத சோப்பு. மூன்றாவது மூச்சு அடிமட்டம் வரைக்கும் போனது. அங்கே, நூலிழை மாதிரி, இருந்தது.

அவள் கை ஜாடி மேலேயே நின்றுவிட்டது. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான்காவதை அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் தள்ளிவிட்டிருந்தார்கள். மாடியில் காலியாக இருக்கும் நாற்காலி ஞாபகம் வந்தது. ஆனால் மோந்ததை மாற்றி எழுதிவிட்டு அந்த மேசையில் எதற்கு உட்கார வேண்டும்? எழுதினாள்.

எடை போடுகிறவர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று பேர் எதிலும் அந்த வாடை இல்லை என்றிருந்தார்கள். பச்சைக் கண்ணாடிக்காரி ஐந்தாவது என்று எழுதியிருந்தாள். ஐந்தாவது உஷ் சாருடைய கோட்டு. உஷ் சார் இரண்டாவது ஜாடிக்கு நேரே "மூத்திர வாடை, சந்தேகமே இல்லை" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். இரண்டாவது, பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் பிரித்த புதுக் கோட்டு. நான்காவதற்கு அவர் எழுதியிருந்தது: "சுத்தம். நல்ல மர வாசனை."

"நாலாவது யாருது?" என்று கேட்டார்.

"மேடத்துது சார்," என்றார் எடை போடுகிறவர். அவர் கையில் இன்னும் ஒரு தாள் இருந்தது. அதைப் படிக்கத் தயங்கியதைப் பார்த்து உஷ் சாரே வாங்கிப் படித்தார். "நான்கு. டர்பென்டைன் தைலம். அடியில் சிறுநீர், மிக லேசாக. கை மடிப்பாக இருக்கலாம்." அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பாத்தீங்களா? ஒருத்தர் கரெக்டாக் கண்டுபிடிச்சிருக்காங்க. யார் எழுதினது இது?"

"நான்தான் சார்," என்றாள் அவள்.

உஷ் சார் கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"இருக்கு சார். இல்லைன்னு நான் சொல்லலை. வெள்ளிக்கிழமையும் இருந்திருக்கும். ஆனா அதை மோந்தது நீங்க இல்லை. நீங்க என் வீட்டுக் கட்டிலை மோந்தீங்க. இனிமே இங்க வந்து கையைக் கழுவிட்டு, வேற சட்டை மாத்திக்கிட்டு மேசைக்கு வருவேன். அது என் பொறுப்பு. மாடிக்கு ஒரு மூக்கை அனுப்பித்தான் ஆகணும்னா, ரெண்டாவதுன்னு எழுதின மூக்கை அனுப்புங்க. நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

உஷ் சார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன இருந்தாலும் அவரும் மூக்கை நம்பிப் பிழைக்கிறவர்தான். நூலிழையைப் பிடித்தவள் யார், புதுத் துணியில் மூத்திரத்தைக் கண்டவன் யார் என்று அந்தத் தாள்கள் அவருக்குச் சொல்லிவிட்டன. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஜாதகம் இல்லை அது.

"அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"வெயில் துணி சார். வெள்ளிக்கிழமை எழுதினது செல்லாது. திரும்ப வைக்கணும்."

பச்சைக் கண்ணாடிக்காரி நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டாள். அவள் அதைக் கவனித்தாள், சிரிக்கவில்லை. சிரிக்க இன்னும் நாளாகும். துண்டுகள் வந்தன. எல்லோரும் குனிந்தார்கள், யாரும் பேசவில்லை.

சாயங்காலம் அவள் வாசற்படியில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். மாமனார் மத்தியானத்திலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். புருஷனும் வேலைக்குக் கிளம்பாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"வாடை இருந்துச்சு மாமா."

அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. சுவரைப் பார்த்தே கேட்டார்: "எத்தனை பேர் கண்டுபிடிச்சாங்க?"

"ஒருத்திதான்."

"யாரு?"

"உங்க மருமக."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கட்டில் குலுங்கியது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ளும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். புருஷனும் என்னவென்று தெரியாமலே சேர்ந்துகொண்டான்.

"மாடிக்குப் போகச் சொன்னானே?"

"போகலை."

"அப்ப நான்?"

"நீங்களும் போகலை."

அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். பகலெல்லாம் மோந்து மூக்கு ஓய்ந்துபோயிருந்தது. கையை மடக்கி, முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். தைலமும் வெந்நீரும் அவரும் எல்லாம் அதிலேயே இருந்தார்கள். இருக்கட்டும். இனிமேல் இதுதான் பூஜ்யம். இங்கிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, மாத்தணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் நல்ல கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.